கேட்டில் கத்திய துணி பேண்டு

1

குன்றத்தூர் முருகன் துணையில் இங்கே நாங்கள் மூன்று பேரும் சௌக்கியம். போலந்து நாட்டுக்கு வந்து இது மூன்றாவது குளிர்காலம். ஒரகடத்தில் என் வீட்டுக்காரர் மெயின்டனன்ஸ் பார்த்த கம்பெனிக்கு இங்கேயும் ஒரு கிளை இருக்கிறது. அதே மெஷின், அதே எண்ணெய் வாசனை, சூப்பர்வைசர் முறைக்கிறதும் அதே முறைப்புதான் என்று சொல்வார். எனக்குத்தான் எல்லாம் புதுசு.

வந்த புதிதில் என் கண்ணை உறுத்தியது நிறம் இல்லாததுதான். குளிர் தொடங்கிவிட்டால் பஸ் ஸ்டாப்பில் நிற்கிறவர்கள் அத்தனை பேரும் கறுப்பு கோட், இல்லையென்றால் சாம்பல் கோட். மேலே பார்த்தால் வானமும் சாம்பல். நான் வாங்கின கோட்டும் கறுப்புதான். அதைப் போட்டுக்கொண்டு கண்ணாடி முன்னால் நின்றேன். நெற்றியில் குங்குமம் இல்லாவிட்டால் இது யார் என்று நானே கேட்டிருப்பேன்.

பெட்டியில் ஒரு மஞ்சள் ரவிக்கைத் துணி சும்மா கிடந்தது. கோட்டின் காலர்மேல் காகிதம் வைத்து அளவெடுத்து, அதே வடிவில் ஒரு மேல்காலர் வெட்டி, இரண்டு முனையிலும் நாடா வைத்துத் தைத்தேன். வேண்டும்போது கட்டிக்கொள்ளலாம், அழுக்கானால் கழற்றித் துவைக்கலாம். அவ்வளவுதான் வேலை. மறுநாள் பஸ் ஸ்டாப்பில் ஒரு அம்மாள் "பானி" என்று கூப்பிட்டு, காலரைத் தொட்டுப் பார்த்துச் சிரித்தார். மூன்று மாதமாக ஒரே இடத்தில் நின்றிருக்கிறோம், அன்றைக்குத்தான் அவருக்குப் பல் இருக்கிறதே எனக்குத் தெரிந்தது.

வீட்டுக்கு வந்து இதைச் சொன்னால் வீட்டுக்காரர், "உன்ன தண்ணின்னு கூப்ட்டுக் கீறாங்க" என்றார். ஒரகடத்தில் அவரோடு வேலை செய்த வடக்கத்திப் பையன்கள் தண்ணீரைப் பானி என்பார்களாம். எங்கள் மகள் யாழினிதான், "அய்யோ அப்பா, பானின்னா மேடம்" என்று திருத்தினாள். நாலாவது படிக்கிறாள். இப்போதெல்லாம் வீட்டில் எங்களைத் திருத்துகிற வேலை அவளுடையது.

2

மேல்காலருக்குப் பிறகு கை சும்மா இருக்கவில்லை. தலைமுடிக்குத் துணி பேண்டு, கைப்பையில் தொங்கவிடத் துணிப் பூ, யாழினியின் ஸ்வெட்டர் பாக்கெட்டுக்குப் பூப்போட்ட ஓரம் என்று தைத்துக்கொண்டே இருந்தேன். பஸ் ஸ்டாப் அம்மாளுக்கு ஒரு துணி பேண்டு கொடுத்தேன். அதைப் பார்த்து அவர் மகள் கேட்டாள். பிறகு யாழினியின் டீச்சர், மருந்துக்கடைப் பெண். மொழி தெரியாதவள் வேறு எதைக் கொடுத்துப் பேசுவது?

இந்தத் துணி பேண்டு நான் இங்கே கற்றது இல்லை. கல்யாணத்துக்கு முன் ஒரகடத்தில் செல்போன் பாகம் பூட்டுகிற ஒரு கம்பெனியில் லைனில் நின்றேன். உள்ளே போகும்போது கார்டைத் தட்டினால் போதும். வெளியே வரும்போதுதான் சோதனை. செக்யூரிட்டி அக்கா கையில் ஒரு கறுப்புக் குச்சி இருக்கும். தலையிலிருந்து கால் வரைக்கும் தடவுவார். உலோகம் எதுவாக இருந்தாலும் குச்சி கத்தும். உள்ளே பூட்டுகிற பாகம் ஒவ்வொன்றும் கடுகு, உளுந்து அளவு. யாராவது எடுத்துப் போய்விடுவார்கள் என்று பயம். அதனால் தோடு கூடாது, கொலுசு கூடாது, வளையல் கூடாது, ஹேர்பின் கூடாது. வயசுப் பிள்ளைகள் நூற்றுக்கணக்கில் ஒரே நீலக் கோட்டில், தோட்டுத் துளை தூர்ந்துபோகாமல் காதில் துடைப்பக் குச்சியோடு நிற்போம்.

கத்தாதது துணி ஒன்றுதான். அதனால் எங்கள் கம்பெனி பஸ்ஸில் துணி பேண்டு ஒரு பெரிய விஷயம். இரண்டு விரல்கடை அகலத்துக்குத் துணியை நீளமாக வெட்டி, நல்ல பக்கம் உள்ளே போக மடித்து ஓரம் தைத்து, குழாய் மாதிரி ஆனதும் திருப்பி, உள்ளே எலாஸ்டிக் கோத்து முடிச்சுப் போட வேண்டும். கடைசியில் குழாயின் வாயை மட்டும் கையால் தைத்து மூட வேண்டும். கொக்கி இல்லை, ஊக்கு இல்லை. தீபாவளிப் புடவையில் வெட்டின துண்டு, சுடிதாரில் மிஞ்சின துண்டு, எது கிடைத்தாலும் போதும். திங்கட்கிழமை யார் தலையில் என்ன நிறம் என்பதைப் பார்க்கவே ஷிப்டுக்குக் கிளம்பின நாள் உண்டு.

இப்போது அதே கம்பெனியில் என் தங்கை கௌசல்யா இருக்கிறாள். மணிமங்கலத்தில் அம்மாவோடு இருந்து கம்பெனி பஸ்ஸில் போய் வருகிறாள். ட்ரெய்னியாகச் சேர்ந்தவளை இந்த மாதம் பர்மனென்ட் ஆக்குவதாகச் சொல்லியிருந்தார்கள். அப்பா இல்லாத வீடு. அவள் சம்பளத்தில்தான் அம்மாவுக்கு மருந்தும் சோறும். நாங்கள் அனுப்புகிறதை அவள் வாங்கமாட்டாள். "நீ யாழினிக்கி வச்சிக்கக்கா" என்று ஒரே பிடி.

சரி, பணம்தான் வாங்கமாட்டாள் என்று, இங்கே வேலை பார்க்கிற படப்பைக்காரர் ஒருவர் லீவில் ஊருக்குப் போனபோது அவள் கம்பெனிக்குப் போட்டுப் போக ஒரு துணி பேண்டு தைத்துக் கொடுத்தனுப்பினேன். அம்மாவின் கல்யாணப் பட்டுப்புடவை மடிப்பு மடிப்பாகக் கிழிந்து போயிருந்தது. நான் இங்கே கிளம்பும்போது கரையை மட்டும் வெட்டிக் கொடுத்திருந்தாள் அம்மா. அந்த அரக்குக் கரையில் தைத்தது. சொரசொரவென்று ஜரிகை. கறுத்திருந்தாலும் வெளிச்சம் பட்டால் மினுங்கும். நீலக் கோட்டுக்கு மேலே என்ன அழகாக இருக்கும் என்று யோசித்து யோசித்துத் தைத்தேன்.

3

போன சனிக்கிழமை காலை, தோசைக்கல் சூடாகிக்கொண்டிருந்தது. அங்கே மத்தியானம். காலை ஷிப்டு விட்டு அவள் பஸ்ஸில் ஏறும் நேரம். போனில் கௌசல்யா. எடுத்ததும் அழுகை.

"அக்கா, குச்சி கத்திடுச்சுக்கா."

"இன்னாடி சொல்ற? எதுக்குக் கத்துச்சு?"

"தெர்லக்கா. இன்னிக்கித்தான் மொத மொத நீ அனுப்புன தல பேண்ட போட்டுக்கினு போனேன். தலையாண்ட வந்தா கத்துது. தொப்பிய கழட்டுனேன், கத்துது. பேண்ட கழட்டிக் கையில குடுத்தேன். தலையில ஒண்ணியும் இல்ல, கத்தல. பேண்டு மேல வச்சா கத்துது. உள்ள இன்னா வச்சிக்கீறன்னு கேக்கறாங்க. எங்கக்கா தெச்சதுன்னு சொன்னா, கத்திரி எடுத்தாங்க வெட்டிப் பாக்க."

"வெட்டிப் பாக்கட்டுமே."

"அம்மா கல்யாணப் பொடவக்கா. வெட்டாதீங்கன்னு கத்திட்டேன்."

அதுதான் வினையாகப் போயிருக்கிறது. ஒளிக்க ஒன்றும் இல்லாதவள் எதற்கு வெட்ட வேண்டாம் என்கிறாள் என்று கேட்டிருக்கிறார்கள். பேண்டைக் கவரில் போட்டு ஒட்டி, அதன் மேலும் ஒரு புகார்ப் பேப்பரிலும் இவளிடம் கையெழுத்து வாங்கிவிட்டார்கள். திங்கட்கிழமை ஹெச்.ஆர். சார் முன்னால் வந்து விளக்கம் சொல்ல வேண்டும். சரியாகச் சொல்லாவிட்டால் பர்மனென்ட் இல்லை. திருட்டு என்று ஆகிவிட்டால் வேலையே இல்லை.

"நீ அதுல எதுனா கம்பி கிம்பி வச்சியாக்கா?"

"முருகா! அந்த கேட்ல நானும் நின்னவதாண்டி. ஊக்குகூட வெக்கல."

"அப்ப ஏன் கத்துது?"

தோசைக்கல் புகைந்துகொண்டிருந்தது.

4

உடனே ஊருக்குக் கிளம்பு என்றுதான் மனசு சொன்னது. முடியாது. இந்த நாட்டில் தங்க அனுமதிக்கிற அட்டை எங்களுக்குக் காலாவதியாகி, புதுசுக்கு விண்ணப்பித்து மாதக்கணக்கில் காத்திருக்கிறோம். அட்டை கைக்கு வராமல் நாட்டை விட்டுப் போனால் திரும்பி வருவது சிக்கல். அந்த அலுவலகத்துக்கு ஒவ்வொரு தடவையும் யாழினியைப் பள்ளிக்கு லீவு போடச் சொல்லி அழைத்துப் போகிறோம். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் இருக்கிற அம்மாள் அவளிடம் சொல்ல, அவள் எங்களிடம், "இன்னும் வெயிட் பண்ணணுமாம்" என்பாள். நீளமாகப் பேசியதற்கு மூன்றே வார்த்தைதானா என்று தோன்றும். கேட்டால், "உனக்குப் புரியாதும்மா" என்பாள்.

வீட்டுக்காரர் டீயை வைத்துவிட்டு மெதுவாகக் கேட்டார். "கோச்சிக்காத. உள்ள ஏதாச்சும் சின்னதா… அவளே வச்சிருப்பாளா?"

"யார பாத்து இன்னா கேக்கற?" கையில் இருந்த கரண்டியை ஸிங்க்கில் போட்ட சத்தத்தில் யாழினி அறையிலிருந்து எட்டிப் பார்த்தாள். "பஸ்ல கண்டக்டர் தப்பா குடுத்த சில்லறையக்கூட எறங்கிப் போய்த் திருப்பிக் குடுத்தவ அவ."

"கேட்டேன், தப்புதான்" என்றார். பிறகு அவருக்கும் பொறுக்கவில்லை. "அதே துணி மீதி கீதா?"

இருந்தது. கரையில் ஒரு முழத்துக்கும் குறைவாக மிச்சம். மேசைமேல் விரித்து ஃபிரிட்ஜில் ஒட்டியிருந்த காந்தத்தை எடுத்து வைத்துப் பார்த்தார். ஒட்டவில்லை.

"இரும்பு இல்ல" என்றார். கொஞ்சம் யோசித்தார். "ஆனா செம்புலகூட காந்தம் ஒட்டாதே. வெள்ளிலயும் ஒட்டாது."

எழுந்து போய் வேலைக்குக் கொண்டுபோகிற பையிலிருந்து டெஸ்டரை எடுத்து வந்தார். ஒயர் அறுந்திருக்கிறதா என்று பார்க்கிற கருவி. இரண்டு முனையையும் தொடவைத்துக் கரண்ட் போனால் பீப் என்று கத்தும். யாழினியும் வந்து உட்கார்ந்துவிட்டாள். முதலில் பட்டில் வைத்தார். சத்தம் இல்லை. பேண்டு தைத்த நூல்கண்டில் வைத்தார். இல்லை. கரையில் ஜரிகை இழையின் இந்த முனையில் ஒன்று, அந்த முனையில் ஒன்று.

பீ…ப்.

மூன்று பேரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தோம். "இன்னொரு வாட்டி" என்றாள் யாழினி. இன்னொரு வாட்டியும் கத்தியது.

"அம்மா, ஜரிகைன்னா என்ன?"

இத்தனை நாள் அந்த வார்த்தையை அவளுக்கு நான் சொன்னதே இல்லையா? "மினுக்கற நூலுடி" என்றேன். "நித்கா" என்றாள், நூலுக்கு இங்கே அதுதான் சொல். "நூல்னா எப்படிம்மா கரண்ட் போகும்?" நல்ல கேள்வி. அவர் ஊசி முனையால் ஒரு இழையை நெருடிப் பிரித்தார். மயிரை விட மெல்லிசாக ஒரு தகடு, சுருள் சுருளாகச் சுற்றியிருந்தது கழன்று வந்தது. உள்ளே ஒரு நூல். சிவப்பு.

5

அம்மாவை வீடியோவில் கூப்பிட்டேன். கௌசல்யா பக்கத்தில் முகம் வீங்கி உட்கார்ந்திருந்தாள். சாமி படத்துக்கு முன்னால் விளக்கு எரிந்துகொண்டிருந்தது.

"அம்மா, உன் பொடவைல கீறது நிஜ ஜரிகம்மா. அதான் கத்துது."

"போடி. அது டூப்ளிகேட்டு. ரெண்டு வருசத்துல கறுத்துப்போச்சு. அசலா இருந்தா கறுக்குமா?"

"உன் கொலுசு கறுக்கல? வெள்ளின்னா கறுக்கத்தாம்மா செய்யும்."

பின்னாலிருந்து வீட்டுக்காரர், "அத்த, செம்பும் கறுக்கும். கறுத்ததை வச்சுச் சொல்ல முடியாது" என்று குறுக்கே விழுந்தார். "ஆனா உள்ள பிரிச்சுப் பாத்தேன். செவப்பு நூலு."

அம்மா போனை முகத்துக்குக் கிட்டே இழுத்தாள்.

காஞ்சிபுரத்துப் பக்கத்தில் பிறந்தவர்களுக்குச் சிவப்பு நூலைப் பற்றி விளக்கம் வேண்டாம். மற்றவர்களுக்காகச் சொல்கிறேன். அசல் பட்டு ஜரிகை என்றால் சிவப்புப் பட்டு நூலில் வெள்ளித் தகடு சுற்றி, மேலே தங்கப் பூச்சு. போலியில் உள்ளே சிவப்பு இருக்காது என்பார்கள்.

"செவப்பா?" என்றாள் அம்மா. "நல்லா பாத்தீங்களா மாப்ள?"

இழையை நான் கேமராவுக்குப் பக்கத்தில் கொண்டுபோய்க் காட்டினேன்.

கல்யாணத்துக்குப் புடவை எடுத்தது அப்பாதான். தனியாகக் காஞ்சிபுரம் போய் எடுத்து வந்திருக்கிறார். அம்மாவின் அக்கா தங்கைகள் தடவிப் பார்த்து, போலி என்று உதட்டைப் பிதுக்கினார்களாம். அது கறுத்ததும் அம்மாவுக்கும் அதே எண்ணம். வீட்டில் எந்தச் சண்டை வந்தாலும் கடைசியில் அந்தப் புடவையில் வந்து நிற்கும். "அசல் ஜரிகடி. நம்பிக்க இல்லன்னா ஒரு இழைய பிரிச்சுப் பாரு, உள்ள செவப்பு நூலு இருக்கும்" என்பார் அப்பா. "தாலி கட்டிக்கினு நின்ன பொடவைய எவளாச்சும் பிரிப்பாளா? அது தெரிஞ்சுதான் சொல்ற" என்பாள் அம்மா. அப்பா சிரித்துக்கொண்டே சைக்கிளை எடுத்துக்கொண்டு ஊர் சுற்றப் போய்விடுவார். இந்தப் பேச்சைக் கேட்டே நாங்கள் இரண்டு பேரும் வளர்ந்தோம். சரிபார்க்க வேண்டும் என்று யாருக்கும் தோன்றியதில்லை.

அம்மா முந்தானையால் மூக்கைத் துடைத்தாள். கௌசல்யா பக்கம் திரும்பி, "வெட்டச் சொல்லுடி" என்றாள். "திங்கக்கெழம வெட்டச் சொல்லு. அந்த மன்சன் பொய் சொல்லலன்னு அவங்களும் பாக்கட்டும்."

"வெட்ட வேணாம்மா" என்றேன். "கௌசி, கேளு. பேண்டுல ஒரு எடத்துல மட்டும் மெஷின் தையல் இருக்காது. எலாஸ்டிக் கோத்துட்டு கையால வாய மூடிக்கீறேன். வெரல் வச்சு நெருடுனா முடிச்சு தட்டும். அத பிரிச்சா வாய் தொறந்துக்கும், எலாஸ்டிக் வெளிய வந்துடும். உள்பக்கம் திருப்பிக் காட்டு. அப்புறம் வெறும் துணி மேல குச்சிய வெக்கச் சொல்லு."

"அப்பியும் அவங்க நம்பலன்னா?"

"முருகன் பாத்துக்குவான்" என்றேன். சொல்லிவிட்டேனே தவிர ஞாயிற்றுக்கிழமை முழுக்க எனக்கு அதே நினைப்புதான். துணியில் பிழை என்றால் பிரித்துத் தைக்கலாம். ஒரு பெண் மேல் திருடி என்று பேர் விழுந்தால் எந்தத் தையலைப் பிரிப்பது? வரும் கிருத்திகைக்கு விரதம் என்று வேண்டிக்கொண்டு, முருகன் படத்துக்கு முன்னால் கௌசல்யா பெயரைச் சொல்லிச் சொல்லி உட்கார்ந்திருந்தேன். யாழினி வந்து, என்ன நினைத்தாளோ, பக்கத்தில் உட்கார்ந்து கைகூப்பினாள். கொஞ்ச நேரம் கழித்துக் கேட்டாள். "சித்தி பேரை போலிஷ்ல சொன்னா முருகனுக்குப் புரியுமா?" "புரியும்டி, எல்லாம் புரியும்" என்றேன்.

6

திங்கட்கிழமை கௌசல்யா கூப்பிடுகிற நேரம் தாண்டியும் போன் வரவில்லை. நானாகக் கூப்பிடவும் பயம். கையைச் சும்மா வைத்திருக்க முடியாமல் வெள்ளைப் பருத்தித் துணி ஒன்றை எடுத்து வெட்டினேன், கோணலாகப் போனது, வைத்துவிட்டேன். அப்புறம்தான் மணி அடித்தது. பஸ் சத்தம், பெண்பிள்ளைகள் சத்தம், நடுவில் அவள் குரல்.

"அக்கா! பல்லால கடிச்சேன்க்கா!"

"யாரடி?"

"முடிச்சக்கா! வெரல்ல வரவே இல்ல, அப்டி போட்டு வச்சிக்கீற. ஹெச்.ஆர். சார் பாக்கறாரு, செக்யூரிட்டி விஜயாக்கா பாக்கறாங்க, நான் நாய் மாதிரி கடிச்சி இழுக்கறேன். சார் பயந்துட்டாரு."

பக்கத்தில் யாரோ சிரிக்கிற சத்தம் கேட்டது.

"அப்புறம்?"

"தொறந்துச்சு. எலாஸ்டிக் மட்டும் வந்து வுழுந்துச்சு. வேற ஒண்ணியும் இல்ல. துணிய மேசைல விரிச்சோம். விஜயாக்கா குச்சிய வச்சாங்க. ஊ…ன்னு கத்துது, நிறுத்தவே இல்ல. சார் அந்தப் பக்கம் இந்தப் பக்கம் திருப்பிப் பாத்துட்டு, இன்னாம்மா இதுன்றாரு. ஜரிக சார், எங்கப்பா எங்கம்மாவுக்கு எடுத்ததுன்னேன். அவ்ளோதாங்கா சொன்னேன். அதுக்குள்ள அழுகை வந்துடுச்சு."

"இன்னா சொன்னாரு?"

"மொதல்லயே பிரிச்சுக் காட்டியிருக்கலாமேன்னாரு. அந்தப் பேப்பர என் எதுர்லயே கிழிச்சிட்டாரு. நாளிக்கி மத்தவங்களோட எனக்கும் பர்மனென்ட் லெட்டராம்."

முருகா என்று கத்திவிட்டேன். கீழ் வீட்டில் கேட்டிருக்கும்.

"இனிமே ஜரிக போட்டுக்கினு உள்ள வரக் கூடாதுன்னு போர்டுல எழுதிப் போட்டுட்டாங்க. பஸ்ல எல்லாம் என்னைத் திட்டறாளுங்க. வெளிய வரும்போது விஜயாக்கா தனியா கூப்ட்டு, உங்கக்காவாண்ட சொல்லி எனுக்கும் ஒண்ணு தெச்சுத் தரச் சொல்லு, கத்தாததா பாத்துன்னாங்க."

சாயங்காலம் வீட்டிலிருந்து அம்மா கூப்பிட்டாள். பிரித்த பேண்டு துணியைத் திருப்பி வாங்கி வந்திருக்கிறாள் கௌசல்யா. அம்மா அதை மடியில் வைத்து நீவிக்கொண்டே பேசினாள். அப்பாவின் அக்காவுக்குப் போன் பண்ணி, அசல் ஜரிகை என்று சொல்லிவிட்டாளாம். தன் அக்கா தங்கைகளுக்கும் சொல்லிவிட்டாளாம். யாருக்கும் பாக்கி வைக்கவில்லை. பிறகு சந்தேகம் வந்தவளாகக் கேட்டாள்.

"ஏண்டி, மீதிக் கரை உன்னாண்ட பத்திரமா கீதா?"

"ஒரு முழம் கூட இல்லம்மா."

"அவ்ளோ நீளம் குடுத்தேனே?"

"அதுல பேண்டு தெச்சு இங்க நாலு பேருக்குக் குடுத்துட்டேன்."

"எந்த நாலு பேரு?"

சொன்னேன். பஸ் ஸ்டாப் அம்மாள், அவர் மகள், டீச்சர், மருந்துக்கடைப் பெண். அம்மா ஒவ்வொரு பெயருக்கும் "அய்யய்யோ" என்றாள். "வெள்ளிடி அது! போய்த் திருப்பி வாங்கு."

"குடுத்தத எப்டிம்மா கேக்கறது? எனக்கு அவங்க பாஷகூடத் தெரியாது."

"யாழினிய கேக்கச் சொல்லு."

யாழினி அடுப்படி வாசலில் நின்று, மாட்டேன் என்று தலையாட்டினாள். அம்மாவுக்கும் அது திரையில் தெரிந்திருக்க வேண்டும். மடியில் இருந்த துணியை மடித்து வைத்தாள்.

"அவங்க டெய்லியும் போட்டுக்கிறாங்களா?"

"போட்டுக்கிறாங்கம்மா. கறுப்பு கோட்டுக்கு அது ஒண்ணுதான் கலர்."

"சரி வுடு" என்றாள். "சுத்தட்டும். உங்கப்பனுக்கு ஊரு சுத்தறதுன்னா உசுரு."